காருக்கு நீங்களே ஆயில் மாற்றலாம்: முதல் தடவை செய்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். இந்தத் தடவை நானே ஆயில் மாற்றப் போகிறேன் என்று சொன்னபோது அவர் சிரிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. "போல்ட்ட இறுக்காத தம்பி, உக்கார வை" என்று மட்டும் சொன்னார். அதன் பொருள் எனக்கு மூன்றாவது தடவைதான் விளங்கியது. அதற்குள் ஆயில் சேம்பரின், அதாவது இன்ஜின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியின், போல்ட் திருகி ஏறும் மரை போய்விட்டிருந்தது. அந்தக் கதை பின்னால் வருகிறது.

முதலில் பணத்தைப் பேசிவிடுவோம். முதல் தடவை உங்களுக்கு ஒரு பைசா மிச்சமாகாது. ஜாக்கி ஸ்டாண்டு, ஸ்பேனர், ஃபில்டர் கழற்றும் கப், புனல் என்று வாங்குவதற்குள் சர்வீஸ் பில்லைவிட அதிகம் போய்விடும். மூன்றாவது, நாலாவது தடவைதான் கணக்கு நமக்குச் சாதகமாகத் திரும்பும். அப்படியானால் எதற்குச் செய்ய வேண்டும்? ஒரு தடவை சர்வீஸ் முடிந்து வண்டி வீட்டுக்கு வந்ததும் சும்மா ஆயில் கேஜை, அதாவது ஆயில் அளவு பார்க்கும் கம்பியை, உருவிப் பார்த்தேன். மேல்கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது ஆயில். ஆயில் அதிகமானால் நல்லதுதானே என்று அதுவரை நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. இன்ஜினுக்குள் சுற்றும் கிராங்க் தண்டு அந்த ஆயிலில் இடித்து நுரையாக்கிவிடும். நுரை ஆயில் எந்த உலோகத்தையும் காப்பாற்றாது, சீல்கள் வழியாகக் கசியவும் தொடங்கும். என் வண்டிக்குள் என்ன போகிறது, எவ்வளவு போகிறது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது. காரணம் அவ்வளவுதான்.

வண்டி வாரண்டியில் இருந்தால் பொறுங்கள். வாரண்டிப் புத்தகத்தில் சர்வீஸ் பற்றி என்ன போட்டிருக்கிறது என்று படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். என்னுடையது பத்து வயதான சின்ன பெட்ரோல் கார். கேட்க ஆள் இல்லை.

எப்போது மாற்றுவது

இன்றைய பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், இரண்டில் எது முதலில் வருகிறதோ அது. உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுதான் சரி. இதில் "ஒரு வருடம்" என்பதைத்தான் நம் ஊரில் யாரும் மதிப்பதில்லை. "வருஷத்துக்கு மூவாயிரம் கூட ஓடல சார், எதுக்கு மாத்தணும்?" என்பார்கள். உண்மையில் அந்த வண்டிக்குத்தான் அவசரம் அதிகம். மஞ்சக்குப்பத்திலிருந்து திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட் போய்த் திரும்பும் தூரத்தில் இன்ஜின் ஆயில் முழுச் சூட்டுக்கே வராது. எரிந்த பெட்ரோலிலிருந்து வரும் ஈரமும், எரியாத பெட்ரோலும் ஆயிலில் கலந்து தங்கிவிடும். நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் ஓடினால் ஆவியாகிப் போகும். ஊருக்குள்ளேயே சுற்றும் வண்டியில் போக வழியில்லை.

நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆயில் கறுப்பது அது தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு அடையாளம். இன்ஜினுக்குள் படிய வேண்டிய கரியைத் தன்னோடு சுமந்துகொள்ளும் ரசாயனங்கள் அதில் உண்டு. டீசல் வண்டியில் புது ஆயில் ஊற்றிச் சில நாளிலேயே மை மாதிரி ஆகிவிடும்.

நிறத்தில் பயப்பட வேண்டியது ஒன்றே ஒன்று: பால் டீ நிறம். ஆயிலில் தண்ணீர் கலந்தால் அப்படி ஆகும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, அடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது புதுச்சேரியிலும் கடலூரிலும் எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றன. நீரில் முழுகி நின்ற வண்டியை "ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்" என்று சாவியைத் திருகக் கூடாது. முதலில் கேஜை உருவுங்கள். பால் டீ தெரிந்தால் இழுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போக வேண்டியதுதான், அது வீட்டு வேலை இல்லை. ஆயில் மூடியின் அடியில் மட்டும் லேசாக வெண்ணெய் போலப் படிந்திருந்து, கேஜில் ஆயில் நன்றாக இருந்தால், அது குறைந்த தூரமே ஓடுவதால் வரும் ஈரம். ஒரு நாள் சிதம்பரம் வரை போய்வாருங்கள். அதற்கு மேலும் திரும்பத் திரும்பப் படிந்தாலோ, ரேடியேட்டர் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தாலோ மெக்கானிக் பார்க்க வேண்டும்.

முதல் தடவை செய்பவர்கள் ஐப்பசி, கார்த்திகையைத் தவிர்த்துவிடுங்கள். ஈரத் தரையில் முதுகு பதித்துப் படுத்துக்கொண்டு, பாதி வேலையில் மழை பிடித்துக்கொண்டால் பாவமாக இருக்கும். தை, மாசி நல்ல காலம்.

எந்த ஆயில்

டப்பாவில் 5டபிள்யூ-30, 0டபிள்யூ-20 என்று போட்டிருக்கும். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண், கடுங்குளிரில் ஆயில் எவ்வளவு இளக்கமாக ஓடும் என்பதைச் சொல்கிறது. எண் குறையக் குறைய இளக்கம். பின்னால் உள்ள எண், 100 டிகிரி சூட்டில், அதாவது இன்ஜின் வேலை செய்யும்போது ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பது.

"நம்ம ஊர்ல ஏது குளிர்? கெட்டி ஆயிலாப் போடுங்க, இன்ஜின் நல்லா இருக்கும்" என்று ஸ்பேர்ஸ் கடையில் கட்டாயம் ஒருவர் சொல்வார். பழைய வண்டிகளுக்கு 20டபிள்யூ-50 ஊற்றி வளர்ந்த தலைமுறை, அவர் அனுபவம் பொய்யில்லை. ஆனால் இப்போதைய இன்ஜின்களில் ஆயில் போகும் வழிகள் ஊசித்துளை மாதிரி. வால்வுகளின் நேரத்தை மாற்றும் பொறி பல வண்டிகளில் ஆயில் அழுத்தத்தால்தான் இயங்குகிறது. காலையில் ஸ்டார்ட் செய்த முதல் சில விநாடிகளில் ஆயில் மேலே ஏறிச் சேர்வதுதான் முக்கியம். ஆகவே கையேடு 0டபிள்யூ-20 என்றால் அதையே வாங்குங்கள். இரண்டு மூன்று வகை அனுமதித்திருந்தால் அவற்றுக்குள் தேர்ந்துகொள்ளலாம்.

அடுத்து தரக் குறியீடு. பெட்ரோல் வண்டிக்கு ஏபிஐ எஸ்என், எஸ்பி என்று வரும். எஸ்பி 2020இல் வந்த தரம், அதற்கு முந்தைய தரம் கேட்கும் வண்டிகளுக்கும் அதைப் போடலாம். பிஎஸ்6 டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் கவனம்: புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உள்ள வண்டிகளுக்குச் சாம்பல் குறைவாக உண்டாக்கும் ஆயில்தான் போட வேண்டும். தவறான ஆயில் அந்த வடிகட்டியை அடைத்துவிடும், அதன் விலை உங்கள் பத்து வருட ஆயில் செலவுக்கு மேல்.

அளவும் கையேட்டில் இருக்கும். சின்ன பெட்ரோல் கார்களுக்குப் பொதுவாக 3 முதல் 4 லிட்டர். "ஃபில்டரோடு", "ஃபில்டர் இல்லாமல்" என்று இரண்டு எண் இருந்தால் முதலாவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்ன விஷயம். கடலூர்க்காரர்கள் பெட்ரோல் போட புதுச்சேரி எல்லையில் உள்ள முள்ளோடை தாண்டுவது ஊரறிந்தது. ஆயிலும் அங்கே மலிவாக இருக்கும் என்று போகாதீர்கள். பெட்ரோல், டீசல் மீது மாநில வரி, அதனால் எல்லை தாண்டினால் விலை மாறும். இன்ஜின் ஆயில் ஜிஎஸ்டிக்குள் வருகிறது. இந்தப் பக்கமும் 18 சதவீதம், அந்தப் பக்கமும் 18 சதவீதம். வேண்டுமானால் டேங்க் நிரப்பிக்கொண்டு வாருங்கள்.

போலி ஆயில் சந்தையில் உண்டு. சீல் உடையாத கேன், பில் கொடுக்கும் கடை, இரண்டும் இல்லாமல் வாங்க வேண்டாம். ஃபில்டரும் அப்படியே, சின்ன காருக்குச் சில நூறு ரூபாய்க்குள் முடிகிற சாமான், அதில் போய்ச் சிக்கனம் பிடிக்காதீர்கள். கூடவே வடிகால் போல்ட்டுக்கு, அதாவது பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் போல்ட்டுக்கு, ஒரு புது வாஷர் கேட்டு வாங்குங்கள். சில ரூபாய்தான். அலுமினியம் அல்லது செம்பு வாஷர் ஒரு தடவை நசுங்கி அடைப்பதற்காகச் செய்தது, திரும்பப் பயன்படுத்தினால் சொட்டும்.

எடுத்துவைக்க வேண்டியவை

வடிகால் போல்ட்டுக்கு 14, 17 அல்லது 19ஆம் நம்பர் ரிங் ஸ்பேனர். எது என்று வண்டிக்கு அடியில் முதல் நாளே போட்டுப் பார்த்துவிடுங்கள். ஓப்பன் ஸ்பேனர் வேண்டவே வேண்டாம், போல்ட்டின் முனைகளை மழுக்கிவிடும். சில வண்டிகளில் ஆலன் கீ, நட்சத்திர வடிவச் சாவி கேட்கும். ஃபில்டர் கழற்ற அதன் அளவுக்கான கப் அல்லது செயின் ஸ்பேனர். ஆயில் பிடிக்க ஐந்து லிட்டருக்கு மேல் கொள்ளும் அகலமான பிளாஸ்டிக் பேசின். சமையலறைப் பேசினை எடுத்தால் அது திரும்பச் சமையலறைக்குப் போக முடியாது, வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. புனல், பனியன் வேஸ்ட் ஒரு கட்டு, ரப்பர் கையுறை, பழைய செய்தித்தாள், அட்டைப்பெட்டி ஒன்றை விரித்தது, டார்ச். ஆயில் தரையில் கொட்டினால் தூவ மணலோ மரத்தூளோ ஒரு முறம்.

கடலோர ஊர் என்பதால் இன்னொன்று. உப்புக்காற்றில் அடிப்பக்கப் போல்ட்டுகள் துருப்பிடித்து இறுகியிருக்கும். இன்ஜின் அடியை மறைக்கும் அண்டர் கவர் உள்ள வண்டியில் அதன் சின்னச் சின்னத் திருகுகள்தான் முதலில் அடம்பிடிக்கும். முதல் நாள் மாலையே டபிள்யூடி-40 போன்ற துரு இளக்கியை அடித்து வையுங்கள்.

வண்டியைத் தூக்குவது

இந்த வேலையில் உயிருக்கு ஆபத்து உள்ள இடம் இது ஒன்றுதான், அதனால் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு. அதை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது, ஒரு நிமிடம் கூட. செங்கல், ஹாலோ பிளாக் மீதும் வண்டியை நிறுத்தக் கூடாது. வீடு தாங்குகிற கல்லாயிற்றே என்று தோன்றும்; சுவரில் பாரம் பரவி இறங்குகிறது, இங்கே ஒரே புள்ளியில் குத்துகிறது, சொல்லாமல் நொறுங்கும்.

இரண்டு ஜாக்கி ஸ்டாண்டுகள் வேண்டும், அல்லது முன்சக்கரங்களை ஏற்றி நிறுத்தும் இரும்புச் சரிவுகள். சரிவு எளிது, ஆனால் ஏற்றும்போது ஒருவர் வெளியே நின்று பார்க்க வேண்டும். தரை சமமான சிமெண்டாக இருக்கட்டும். நம் தெருக்கள் பாதி மணல். ஜாக்கி ஒரு பக்கம் மெல்லப் புதையும். வாசல் முழுக்கச் சரிவாக உள்ள வீடுகளிலும் செய்யாதீர்கள், சமதரை உள்ள நண்பர் வீட்டுக்குப் போங்கள்.

ஹேண்ட்பிரேக் போட்டு, முதல் கியரில் விட்டு (ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கிங்கில்), பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கையேட்டில் காட்டிய இடத்தில் மட்டும் ஜாக்கி கொடுத்து ஒரு பக்கம் தூக்கி ஸ்டாண்டு வையுங்கள், அப்புறம் மறுபக்கம். ஜாக்கியை இறக்கி பாரத்தை ஸ்டாண்டில் உட்காரவிட்டதும் வண்டியைப் பக்கவாட்டில் நன்றாக உலுக்கிப் பாருங்கள். விழுவதாயிருந்தால் நீங்கள் வெளியே நிற்கும்போதே விழட்டும். ஸ்டெப்னியை எடுத்து வண்டியின் பக்கவாட்டுச் சட்டத்துக்கு அடியில் படுக்கப் போட்டுவையுங்கள், இன்னொரு காவல். வீட்டில் யாராவது இருக்கும் நேரத்தில் செய்யுங்கள்.

உயரமான வண்டி என்றால் தூக்காமலே கை எட்டலாம். முதலில் படுத்துப் பார்த்துவிடுங்கள்.

வடிப்பது

தூக்குவதற்கு முன்பே இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்திருக்க வேண்டும். ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால் இளகி, அழுக்கோடு சேர்ந்து இறங்கும். நெடுந்தூரம் ஓட்டி வந்த கையோடு கழற்றினால் கை வெந்துவிடும். அரைமணி நேரமாவது ஆறவிடுங்கள். மேலே ஆயில் மூடியைத் திறந்து அப்படியே வையுங்கள், காற்று போனால் வேகமாக வடியும். எனக்கு இன்னொரு பழக்கம்: கழற்றிய மூடியை ஓட்டுநர் இருக்கையில் வைத்துவிடுவேன். மறந்து ஸ்டார்ட் செய்ய வழியே இருக்காது.

இப்போது அடியில் போல்ட்டைத் தேடுங்கள். புதியவர்கள் செய்யும் பெரிய தவறு இங்கே நடக்கிறது: இன்ஜின் ஆயிலுக்குப் பதில் கியர் ஆயிலை வடித்துவிடுவது. கியர் பெட்டிக்கும் தனி வடிகால் போல்ட் உண்டு. சக்கரங்களுக்குச் சுழற்சி கொண்டுபோகும் தண்டுகள் எங்கிருந்து புறப்படுகின்றனவோ அது கியர் பெட்டி. இன்ஜின் அடியில் தகரத்தாலோ அலுமினியத்தாலோ தொட்டி மாதிரி தொங்குவதுதான் ஆயில் சேம்பர், அதன் தாழ்ந்த ஓரத்தில் போல்ட் இருக்கும். கறுத்த ஆயிலுக்குப் பதில் தெளிவாக ஏதாவது வந்தால் உடனே மூடுங்கள்.

பேசினை போல்ட்டுக்கு நேர் கீழே வைக்காதீர்கள். சேம்பர் நிறைந்திருக்கும்போது ஆயில் குழாய்த் தண்ணீர் மாதிரி ஓர் அடியாவது தள்ளிப் பாயும்; வடிய வடிய நேராக விழும். போல்ட்டின் தலையை நேராகப் பார்த்தபடி இடப்பக்கம் திருகினால் கழலும். படுத்துக்கொண்டு தலைகீழாகப் பார்க்கும்போது திசை குழம்பி, கழற்றுவதாக நினைத்து இறுக்கிவிடுவார்கள். முதல் அசைவுக்கு ஸ்பேனர், அப்புறம் விரல். கடைசிச் சுற்றுகளில் போல்ட்டை உள்ளே தள்ளிப் பிடித்தபடி திருகி, சட்டென்று இழுத்தால் கையில் ஆயில் குறைவாகப் படும். முதல் தடவை போல்ட் பேசினுக்குள் விழத்தான் செய்யும். கவலைப்படாதீர்கள், காந்தம் இருந்தால் எடுத்துவிடலாம்.

பதினைந்து இருபது நிமிடம் வடியட்டும். டீ போடும் நேரம். சொட்டு சொட்டாக வந்ததும் போல்ட்டின் முனையைத் துடைத்துப் பாருங்கள். நுண்ணிய சாம்பல் பசை போல இருந்தால் வழக்கமான தேய்மானம். நகத்தில் மாட்டும் அளவுக்கு உலோகச் சில்லு இருந்தால் அதை ஒரு தாளில் மடித்து மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

போல்ட்டை உட்கார வைப்பது

என் கதைக்கு வருகிறேன். முதல் இரண்டு தடவையும் "சொட்டிவிட்டால் என்ன ஆவது" என்ற பயத்தில், ஸ்பேனரை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சடக்கி இறுக்கினேன். சொட்டவில்லை, பெருமையாக இருந்தது. மூன்றாவது தடவை இறுக்கும்போது போல்ட் இறுகி, இறுகி, திடீரென்று லேசாகிவிட்டது. கழற்றிப் பார்த்தால் அலுமினிய மரை சுருள் சுருளாகப் போல்ட்டோடு வந்திருந்தது, முறுக்கு பிழிந்த மாதிரி. சேம்பர் அலுமினியம், போல்ட் எஃகு. இரண்டும் மோதினால் எது தோற்கும் என்று யோசித்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை, வண்டி ஸ்டாண்டின் மேல், உள்ளே ஒரு சொட்டு ஆயில் இல்லை. மறுநாள் அண்ணன் வந்து சேம்பரைக் கழற்றி, லேத்தில் கொடுத்து மரைக்குப் புஷ் போட்டுத் திரும்ப மாட்டினார். மிச்சம் பிடிக்கலாம் என்று நினைத்திருந்த பணம் அங்கே போனது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். போல்ட்டையும் அது உட்காரும் முகத்தையும் துடையுங்கள். புது வாஷரை மாட்டி, விரலால் மட்டும் திருகுங்கள். விரலுக்கே கடைசி வரை சுலபமாகப் போக வேண்டும். பாதியில் கடினமானால் மரை கோணலாக ஏறுகிறது, கழற்றி மறுபடி தொடங்குங்கள். வாஷர் தொட்டு நின்றதும் ஸ்பேனர். எவ்வளவு இறுக்குவது என்பதை நியூட்டன் மீட்டரில் சொல்வார்கள், சின்ன கார்களுக்குப் பெரும்பாலும் 25 முதல் 40க்குள் கேட்பார்கள். உங்கள் வண்டியின் எண்ணைச் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் அந்த எண்ணை வைத்து "டிக்" சத்தம் வந்ததும் நிறுத்துங்கள். இல்லையென்றால் ஒரு கணக்கு: 30 நியூட்டன் மீட்டர் என்பது கால் மீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 12 கிலோ பாரம் தொங்குவதற்குச் சமம். நம் வீட்டு பிளாஸ்டிக் குடத்தில் முக்கால் குடம் தண்ணீர். அதைத் தூக்கும்போது கையில் என்ன விசை தெரிகிறதோ அதே விசை போதும். வாஷர் நசுங்குவது கையில் தெரியும், அதற்குப் பின் ஒரு கால்சுற்றுக்குள் கெட்டியாகும். அங்கே நிறுத்துங்கள். அண்ணன் சொன்ன உட்கார வைப்பது இதுதான்.

ஃபில்டர்

பேசினை ஃபில்டருக்குக் கீழே நகர்த்துங்கள். சில வண்டிகளில் சைலன்சர் குழாய்க்குப் பக்கத்திலேயே இருக்கும், முழங்கையைச் சுட்டுக்கொள்ளாதீர்கள். கையால் கழலவில்லை என்றால் கப் ஸ்பேனர். அதுவும் வழுக்கினால் உப்புத்தாளைச் சுற்றிப் பிடித்துத் திருகிப் பாருங்கள், ஆச்சரியப்படும்படி வேலை செய்யும். ஸ்க்ரூடிரைவரைக் குத்தித் திருப்பும் வித்தையைச் சிலர் சொல்வார்கள். தகரம் கிழிந்துபோய், ஃபில்டரும் கழலாமல் நிற்கும் நிலைமை வரலாம்.

கழன்றதும் கவிழாமல் எடுங்கள், உள்ளே கால் லிட்டருக்கு ஆயில் இருக்கும். உடனே பழைய ஃபில்டரின் வாயைப் பாருங்கள்: கறுப்பு ரப்பர் வளையம் அதில் இருக்கிறதா? இல்லையென்றால் அது இன்ஜினில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் மேலேயே புது ஃபில்டரை மாட்டினால் இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, ஸ்டார்ட் செய்த சில நிமிடத்தில் மொத்த ஆயிலும் சாலையில் கிடக்கும். ஒரு விநாடி பார்த்தால் தீரும் விஷயம். நான் விரலால் தடவியும் பார்த்துவிடுவேன்.

புது ஃபில்டரின் வளையத்தில் புது ஆயிலை விரலால் பூசுங்கள், உலர்ந்த ரப்பர் இழுத்து முறுக்கிக்கொள்ளும். கையால் திருகி, வளையம் தொட்டதிலிருந்து முக்கால் சுற்று, ஃபில்டர் மேல் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அவ்வளவு. ஸ்பேனர் கழற்ற மட்டுமே. சில வண்டிகளில், டீசலில் குறிப்பாக, பிளாஸ்டிக் கூட்டுக்குள் காகித ஃபில்டர் மட்டும் இருக்கும். அதில் மூடியின் ஓ-வளையத்தையும் மாற்ற வேண்டும்.

ஊற்றுவது

வண்டியைச் சமதரைக்கு இறக்குங்கள். அடியில் புதுச் செய்தித்தாளை விரியுங்கள். கையேட்டு அளவில் அரை லிட்டர் குறைத்து ஊற்றுங்கள். சில நிமிடம் கழித்துக் கேஜைத் துடைத்து, முழுக்கச் செருகி, எடுத்துப் பாருங்கள். கீழ்க்கோட்டுக்கு மேல் வந்திருந்தால் மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்யலாம்.

ஆயில் விளக்கு சில விநாடி எரியும், காலியான ஃபில்டர் நிரம்ப வேண்டுமல்லவா. ஐந்தாறு விநாடிக்குள் அணைய வேண்டும். அணையவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். ஆக்ஸிலேட்டர் மிதிக்காமல் இரண்டு நிமிடம் ஓடவிட்டு, டார்ச் அடித்து போல்ட்டையும் ஃபில்டரையும் பாருங்கள். அணைத்து, பத்து நிமிடம் பொறுத்து மறுபடி கேஜ். ஃபில்டர் குடித்த அளவு குறைந்திருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். பல வண்டிகளில் இரண்டு கோடுகளுக்கு நடுவே ஏறக்குறைய ஒரு லிட்டர் கொள்ளும், அதை வைத்துக் கணக்குப் போடலாம். மேல்கோட்டைத் தாண்டிவிட்டால், போல்ட்டை இளக்கிக் கொஞ்சம் வடிப்பதைத் தவிர வழியில்லை.

மறுநாள் காலை செய்தித்தாளில் கறை இருக்கிறதா என்று பாருங்கள், கேஜையும் ஒரு தடவை. நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு தடவை. தேதி, கிலோமீட்டர், ஆயில் வகை, ஊற்றிய அளவு நாலையும் ஒரு அட்டையில் எழுதி டேஷ்போர்டில் போட்டுவிடுங்கள். மிச்ச ஆயிலைப் பைக்குக்கு ஊற்றிவிட வேண்டாம். கியர் பைக்குகளின் கிளட்ச் ஆயிலிலேயே நனைந்து ஓடுவது. அதற்கு ஜாஸோ எம்ஏ என்று போட்ட ஆயில் வேண்டும். கார் ஆயிலில் வழுக்கலுக்குச் சேர்த்த பொருட்கள் அந்தக் கிளட்சை நழுவவைக்கும்.

பழைய ஆயில்

பேசினில் இருப்பதைப் புது ஆயில் வந்த கேன்களிலேயே புனல் வைத்து ஊற்றிவிடுங்கள். அப்படி ஊற்றும்போது எவ்வளவு வடிந்தது என்ற அளவும் தெரிந்துவிடும். மூன்று லிட்டர் ஊற்றிய வண்டியில் இரண்டே கால்தான் வந்தது என்றால் இன்ஜின் ஆயில் குடிக்கிறது. ஃபில்டரை ஒரு இரவு கவிழ்த்து வைத்து வடியவிடுங்கள்.

இந்த ஆயிலைச் சாக்கடையிலோ கொல்லையிலோ ஊற்றுவது வேண்டாம். கடலோர மணலில் ஊற்றியது நிற்காது, நேரே கிணற்றுத் தண்ணீருக்கு இறங்கும். நிலத்தடி நீர் கெட்டால் என்ன ஆகும் என்று சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பக்கத்து ஊர்களில் கேட்டால் சொல்வார்கள். "கரையானுக்கு அடிக்கலாம்", "சென்ட்ரிங் பலகைக்குப் பூசலாம்" என்று யாராவது கேட்பார்கள். தேய்ந்த உலோகமும் எரிந்த கரியும் கலந்த ஆயில் அது, சட்டப்படியே அபாயக் கழிவு, 2016ஆம் ஆண்டு விதிகளில் இருக்கிறது. சுத்திகரித்துத் திரும்ப எடுக்கக்கூடிய பொருளும்கூட.

பழைய ஆயிலைச் சேர்த்து அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுக்கும் ஒர்க்ஷாப் எது என்று விசாரித்து அங்கே கொண்டுபோங்கள். நான் அண்ணனிடம் கொடுக்கிறேன். மூலையில் நிற்கும் பீப்பாயில் அவரே ஊற்றிக்கொள்வார், "மரை எப்படி இருக்கு?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். காலி கேன்களை அங்கேயே விட்டுவிடாமல் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். போலி ஆயில் அடைக்கிறவர்களுக்கு அசல் கேன்தான் வேண்டும். அடியில் நாலு ஆணி ஓட்டை போட்டு, மூடியைத் தனியாக வெட்டிவிட்டு அப்புறம் பழைய பிளாஸ்டிக் எடுப்பவரிடம் போடுங்கள்.